எந்த இடத்தில் முடியவில்லை?

அந்த அக்கா முன்னால் ‘முடியாது’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. கையில் இருக்கும் ஸ்கேலால் தரையை ஒரு தட்டுத் தட்டி, “எந்த இடத்துல முடியல? அத மட்டும் சொல்லு” என்பார். நாம் யோசித்து ஓர் இடத்தைச் சொன்னால், “சரி, மிச்சத்த எல்லாம் செஞ்சுடலாம். இந்த ஒரு இடத்தப் பாப்போம்” என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நான் பழைய கம்ப்யூட்டர்களைக் கழற்றிப் பூட்டிக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தவன். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் முடியாது என்று சொல்வதுதான் எனக்குப் பிழைப்பு. அப்படிப்பட்டவனை அந்த வீட்டு மாடியில் குடிவைத்தது யார் செய்த சதியோ தெரியவில்லை.

மைசூர் மண்டி மொஹல்லாவில், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில் இருந்தது வீடு. அக்காவின் அப்பா ரயில்வேயில் வேலைக்கு வந்து, இங்கேயே கட்டிய வீடு. அவர் காலமான பிறகு கீழே அக்காவும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். சின்ன வயதில் போலியோ வந்து அக்காவுக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வீட்டுக்குள் ஒரு பலகையில் உட்கார்ந்து போவார். அதன் அடியில் நான்கு பேரிங் சக்கரங்கள். சிவப்புத் தரையில் அது கரகரவென்று ஓடும் சத்தத்தை வைத்து, அவர் சமையலறையில் இருக்கிறாரா வாசலில் இருக்கிறாரா என்று மாடியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

அந்த வீட்டில் இன்னொரு சட்டம் உண்டு. யார் வந்தாலும் தரையில் உட்கார வேண்டும். வங்கி மேனேஜராக இருந்தாலும் சரி, பால்காரராக இருந்தாலும் சரி. “நின்னுக்கிட்டுப் பேசாதீங்க, எனக்குக் கழுத்து வலிக்குது” என்பார். மரியாதை கெட்டவள் என்று சந்தில் சிலர் முணுமுணுத்தது உண்டு. உட்கார்ந்து பேசிப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை.

அவர் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டபோது தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். இன்டர்நெட் என்ற சொல்லை மைசூரில் பலரும் பேப்பரில்தான் படித்திருந்தார்கள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“முடியாதுக்கா. புதுசு ரொம்ப விலை. அதுக்கு மேஜை, நாற்காலி எல்லாம் வேணும்.”

“மேஜை எதுக்கு? கம்ப்யூட்டர் நிக்கணும்னு அடம் பிடிக்குமா?”

கடைசியில், கடையில் கழித்துப்போட்ட பாகங்களைச் சேர்த்து ஒன்று பூட்டிக் கொடுத்தேன். திரையில் எல்லாமே லேசாகப் பச்சையடிக்கும். அதை ஒரு மணைப்பலகை மேல், தரையோடு தரையாக வைத்தோம். ஏதாவது கோளாறு என்றால் நான் குப்புறப் படுத்துக்கொண்டுதான் சரிசெய்ய வேண்டும். அக்கா பலகையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, “பாத்தியா, உனக்கும் என் உயரம்தான்” என்று சிரிப்பார். அவருக்குக் கேலி செய்யத் தெரியும். நன்றி சொல்லத்தான் தெரியாது. அவர் நன்றி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காப்பி மட்டும் வந்துவிடும்.

இணைப்பிலும் மலிவானதையே வாங்கினார். படம் எதுவும் வராது, எழுத்து மட்டும் வரும். மோடம் போட்டால் டெலிபோன் எங்கேஜ் ஆகிவிடும். அந்தச் சந்தில் பாதிப் பேருக்கு அந்த போன்தான் போன். துபாயிலிருந்து மகன் பேசுவான் என்று காத்திருந்த எதிர்வீட்டு அம்மா ஒருநாள் காலையில் கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அக்கா அவரை உட்கார வைத்தார்.

“முழுசா வேண்டாங்கறீங்களா, இல்ல எந்த நேரம் வேண்டாங்கறீங்க?”

மகன் பேசுவது ஒன்பது மணிக்கு மேல் என்று தெரிந்தது. மறுநாளிலிருந்து விடிந்ததும் கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். துணி தொங்கினால் லைனில் அக்கா இருக்கிறார் என்று அர்த்தம். துணியை எடுத்துவிட்டால் சந்துக்கு போன் திரும்பிவிடும். எதிர்வீட்டு அம்மாவே பிறகு, “இன்னும் பட்டே போடலியா, மணி ஆகுது” என்று, துணிக்குக் கன்னடச் சொல்லைப் போட்டு, ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தார்.

அவர் விற்றது என்ன என்று சொல்ல வேண்டும். மைசூரில் தசரா என்றால் வீட்டுக்கு வீடு கொலு. கொலுவில் எத்தனை பொம்மை இருந்தாலும் நடுநாயகம் மரப்பாச்சி ராஜா ராணிதான். மகளுக்குக் கல்யாணமாகும்போது அம்மா ஒரு ஜோடி கொடுத்தனுப்புவாள். ஒவ்வொரு வருஷமும் அந்த ஜோடிக்குப் புதுத் துணி உடுத்த வேண்டும். இங்கே கடைக்குப் போனால் கிடைத்துவிடும். அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போன பெண்கள் எங்கே போவார்கள்? அக்கா தையல்கடைகளில் விழும் பட்டுத் துண்டுகளை வாங்கி வைத்திருந்தார். ராஜாவுக்குப் பஞ்சகச்சம், தலைப்பாகை, ராணிக்குக் கொசுவம் வைத்த புடவை, ஜரிகை ரவிக்கை. பொம்மையின் உயரத்தை மின்னஞ்சலில் எழுதினால் போதும், ஒரு கவருக்குள் அடங்கும் உடை தபாலில் போய்ச் சேரும். பணத்தை இங்கே இருக்கும் அவர்களுடைய பெற்றோர் அனுப்பிவிடுவார்கள்.

இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் நான் அவருக்கு ஒரு பக்கம் செய்துகொடுத்தேன். என் திறமையைக் காட்டுவதற்காகத் தலைப்பை மின்னி மின்னி அணையும்படி வைத்திருந்தேன். படம் தெரியும் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் அதை அவருக்குக் காட்டியபோது, “கண்ணுல அடிக்குது, எடு” என்று சொல்லிவிட்டார். அந்த இணையப் பக்கத்தில் போட ஒரு போட்டோ வேண்டியிருந்தது. அக்கா பலகையை உருட்டிக்கொண்டு போய் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பழைய வேட்டியில் சுற்றிய ஒரு ஜோடியை எடுத்தார்.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அது உன் கல்யாணத்துக்கு எடுத்து வெச்சதுடி.”

“தெரியும்மா. நல்ல லட்சணமா இருக்காங்க. சும்மா படுத்துக் கெடக்கறதுக்கு வேலை செய்யட்டுமே.”

அம்மா உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் தேய்த்தார். அக்கா ராணிக்குக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்னிடம் அவர் கேலி எதுவும் பேசவில்லை.

தபாலாபீசுக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் போவார். அங்கே படிகள். முதல் நாள் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ படிக்குக் கீழே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம். பார்சல் வாங்குகிற குமாஸ்தா காலையில் ஒரு தடவை டீ குடிக்க வெளியே வருவதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு டீக்கடை வாசலில் வண்டி நிற்கும். ஒரு கையில் டீயும் மறுகையில் அக்காவின் கவர்களுமாகக் குமாஸ்தா படியேறுவார். “ரோடு பிரச்சினை இல்ல, வாசல் கேட் பிரச்சினை இல்ல, படி மட்டுந்தான். அதுக்கு ஒரு ஆள் தினமும் எறங்கி வர்றார். அப்புறம் என்ன?” என்றார் என்னிடம்.

இவ்வளவையும் பெங்களூரில் இருந்த அவருடைய அண்ணன் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. தங்கையை நினைத்துத் தூக்கம் வராதவர். அம்மாவுக்கு வயதாகிறது, நாளைக்கு ஒன்று ஆனால் இவளை யார் பார்ப்பது என்பது அவர் கவலை. ஆகையால் ஒரு முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தசரா வரை பார்ப்போம். அதற்குள் இது ஒரு தொழில் என்று ஆனால் சரி, இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். அவர் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அக்கா ஒருமுறை அங்கே போய்த் தங்கியிருந்த ஒரு மாதமும் வெளி வாசலைப் பார்க்கவில்லை.

“அங்க என்னை நல்லாத்தான் பாத்துக்குவாங்க. அதான் பயமா இருக்கு” என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வீடு பூட்டப்பட்டால் மாடி வாடகைக்காரனான என் கதி என்ன என்று நானும் கவலைப்பட்டேன் என்பதை மறைப்பானேன்.

அந்த வருஷம்தான் முதல் பெரிய ஆர்டர் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் மைசூர்க்காரப் பெண்மணி ஒருவர், கல்யாணமான தன் மகள் வைக்கப்போகும் முதல் கொலுவுக்கு ராஜா ராணியையே அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். துணி மட்டுமில்லை, பொம்மையோடு. நன்றாக வந்தால் அவருடைய சிநேகிதிகள் வாங்கக் காத்திருக்கிறார்கள் என்றும் ஒரு வரி. அக்கா ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் ஓர் ஆசாரியிடம் சொல்லி ஜோடி வரவழைத்தார். உடுத்தி முடித்து, கட்ட வேண்டிய நேரத்தில் அம்மா குறுக்கே வந்தார்.

“படுக்க வெச்சா அனுப்பப் போற? விஜயதசமி ராத்திரி கொலு முடிஞ்சாத்தானே பொம்மையப் படுக்க வைப்போம்? புதுப்பொண்ணு பெட்டியத் திறந்ததும் ராஜா ராணி படுத்துக் கெடந்தா அவ மனசு என்ன பாடுபடும்?”

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஸ்கேல் தரையில் தட்டியிருக்கும். இதில் அக்கா யோசித்தார். வாங்குகிறவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே, அவர்களும் இதையே நினைப்பார்கள் என்று பட்டது. ஆகவே நின்றபடியே அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. உயரமான மரப்பெட்டி ஒன்று செய்து, இருவர் பாதத்தையும் அடிப்பலகையோடு திருகாணி போட்டு முடுக்கினோம். நான்கு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி போட்டேன். பெட்டி கம்பீரமாக, நின்ற திருக்கோலத்தில் கிளம்பியது.

உலகத்தில் எந்த பார்சலும் போட்ட அம்புக்குறிப்படி பயணம் செய்ததில்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழியில் எங்கெங்கே உருண்டதோ, எத்தனை தடவை தலைகீழாக நின்றதோ. நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒருநாள் காலை, ஜன்னலில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருக்க, கீழேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன்.

“கால் போச்சாம்ப்பா” என்றார். “ரெண்டு பேருக்கும். கணுக்காலோட ஒடிஞ்சு பாதம் மட்டும் பலகையில நிக்குதாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படித்தேன். அந்த அம்மாள் பண்பாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் கடைசியில் ஒரு வரி இருந்தது. ஊனமான பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது என்று சம்பந்தி அம்மாள் சொல்கிறார், என்ன செய்யலாம்?

அக்காவின் சிரிப்பு அந்த வரியில் நின்றது. சமையலறையிலிருந்து வந்த அம்மா விஷயம் கேட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். “நான் ஒரு முண்டம். நான்தான் நிக்க வெச்சு அனுப்பச் சொன்னேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா பதில் எழுத ஆரம்பித்தார். எனக்கும் இரண்டு கால்கள் சரியில்லை, எங்கள் வீட்டில் என்னை வைத்துக்கொண்டுதான் கொலு வைக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் தட்டினார்.  பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

“ஏங்க்கா? இருக்கட்டுமே. உண்மைதானே?”

“உண்மைதான். பாவம்னு இந்த வருஷம் வாங்குவாங்க. பாவம்னு அடுத்த வருஷம் வாங்குவாங்களா?”

 நான் கடையில் பேசுவது போலவே ஆரம்பித்தேன். “புது ஜோடி அனுப்ப முடியாதுக்கா. ஆசாரி தசராவுக்கு முன்னால தர மாட்டார். தந்தாலும் பெட்டி போய்ச் சேராது.”

ஸ்கேல் தரையில் தட்டியது. “எந்த இடத்துல முடியல?”

“அதான் சொன்னேனே...”

“உன்னக் கேக்கல. அந்த ராஜா ராணியக் கேக்கறேன். தலை இருக்கு. கை இருக்கு. துணி நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நிக்கத்தான் முடியல. அவ்வளவுதானே?” என்று அம்மாவைப் பார்த்தார். “ஏம்மா, தசராவுக்கு அரண்மனையில ராஜா என்ன பண்ணுவார்?”

“தர்பார் பண்ணுவார்” என்றார் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“நின்னுக்கிட்டா?”

அம்மாவின் அழுகை நின்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “மரப்பாச்சி உக்காந்து எங்கடி பாத்திருக்க?”

“இனிமே பாப்போம்.”

அன்று முழுவதும் பலகையின் கரகர சத்தம் ஓயவில்லை. கெட்டியான அட்டையில் மடித்தால் தட்டையாகிவிடும் இரண்டு சிம்மாசனங்கள். உட்காரும் இடத்தில் ஒரு துளை. ஒடிந்த கால்களை அந்தத் துளைக்குள் இறக்கிவிட்டால் உடம்பு இடுப்புவரை வெளியே தெரியும். முன்பக்கம் தொங்குவதற்குப் பட்டில் பஞ்சடைத்த கால்கள், நுனியில் ஜரிகைச் செருப்பு. அக்கா முழங்கால் மடியும் இடத்தைத் தைக்கும்போது ஒரு நிமிஷம் கையை நிறுத்தி, அதை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு மறுபடி ஊசியை எடுத்தார். எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. காப்பி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

எப்படி உட்கார வைப்பது என்று அவர் எழுதிய மின்னஞ்சல் மறுநாள் காலையே போயிற்று. சிம்மாசனங்கள் கனமில்லாத கவரில் கூரியரில் போயின. படுத்துக்கொண்டுதான்.  கவருக்குள் இந்த முறை அம்மாவே ஒரு சின்னக் குங்குமப் பொட்டலம் வைத்தார்.

அக்கா பதிலுக்காகக் காத்திருந்தார். காலையில் சிவப்புத் துணி கட்டுவார், எடுப்பார். எதிர்வீட்டு அம்மாகூட ஜன்னலைத் தட்டாமல் இருந்தார். நவராத்திரி பிறந்தது. இங்கே அக்கா வீட்டிலும் கொலு வைத்தார்கள். அப்புறம்தான் அந்தக் கடிதம் திரையில் பச்சையாக வந்தது. கூடாது என்று சொன்ன சம்பந்தி அம்மாளும் மைசூர் பக்கம்தானாம். சிம்மாசனத்தில் ராஜா ராணியைப் பார்த்ததும் அரண்மனை தர்பார் மாதிரியே இருக்கிறது என்று தன் கையாலேயே ஆரத்தி எடுத்தாராம். அவருடைய பழைய ஜோடிக்கும் இரண்டு சிம்மாசனம் வேண்டுமாம். சிநேகிதிகளின் பெயர்கள் கீழே வரிசையாக இருந்தன. அக்கா படித்துவிட்டு, “துண்டுத் துணி பத்தாது” என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த சிம்மாசனத்துக்கு அட்டையை அளக்க ஆரம்பித்தார். 

ஆயுத பூஜையன்று பெங்களூரிலிருந்து அண்ணன் வந்தார். சாமான் ஏற்ற ஒரு வண்டி பேசி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் பூ. மோடத்துக்கும் ஒரு பொட்டு. சுற்றிலும் தரையெல்லாம் அட்டையும் பட்டுத் துண்டும். நடுவில் அக்கா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கொலுவைப் பார்த்தார். அக்காவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த அந்த ஜோடி கீழ்ப்படியில், அக்காவின் கண் மட்டத்தில், சிம்மாசனத்தில் வீற்றிருந்தது.

“என்னம்மா இது? ராஜா ராணி நிக்கணும்ல? உக்காந்திருக்காங்க?”

அக்கா வாயைத் திறக்குமுன் அம்மா சமையலறையிலிருந்து வந்தார். கையில் சுண்டல் தட்டு.

“நிக்கறவன் காவக்காரன்டா. ராஜா உக்காந்துதான் ராஜ்ஜியம் பண்ணுவான்” என்றார். பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தார். “நீயும் மொதல்ல உக்காரு. வேலை செய்யறவளுக்குக் கழுத்து வலிக்குது.”

அண்ணன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, பட்டுத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, தங்கைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.